மூன்றாம் மாடிக் கயிறு

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் ரங்கூன் டவுனில், பழைய மொகல் தெருவை ஒட்டிய ஒரு தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். வயது 69. 1981இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன், இன்றும் இதே வீடுதான். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும். நாங்கள் தமிழ் படித்தது கோயிலில்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாத்தியார் வந்து சொல்லிக்கொடுப்பார்.

என் கணவர் தவறி இரண்டரை வருஷம் ஆகிறது. அவர் போனதிலிருந்து எனக்கு எதுவுமே சரியாக அமையவில்லை. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். மாதாமாதம் பணம் அனுப்புகிறான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். எடுத்ததும் "மருந்து சாப்பிட்டியாம்மா" என்பான், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் "சரிம்மா, வச்சிடவா" என்பான். மருமகள் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டுவாள். பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு நாலு நிமிஷம்தானா என்று தோன்றுகிறது. மகள் மோல்மேனில் இருக்கிறாள். 2024இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததும் அவள் பையனைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். நான் என்ன வெளியாளா?

2024 மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கீழே இருக்கும் பர்மாக்கார டீக்கடைப் பையன்கள்தான் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. மகன் பத்து நாள் வந்திருந்தான், அதிலும் பாதி நேரம் போனில் ஆபீஸ் வேலை. அப்புறம் இரண்டு மாதம் முதல் மாடி முஸ்லிம் வீட்டு அக்கா, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், தன் முட்டி வலியோடு ஏறி வந்து எனக்குத் தலை வாரிவிட்டு, சூப் கொடுத்துவிட்டுப் போவார். சொந்தப் பிள்ளை செய்யவேண்டியதை அடுத்த வீட்டுக்காரர் செய்யவேண்டியிருக்கிறதே என்றுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் கோயிலில் 22 வருஷம் பூக்கட்டினேன். விழுந்து படுத்ததும் அந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தைப்பூசத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, வலியோடு வலியாக அம்மனைப் பார்க்கப் போனேன். "பாட்டி, நீங்க அங்க உக்காருங்க" என்று தூண் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்கள். என் கையால் கட்டிய மாலை இல்லாமல் அந்த அம்மனுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனதில்லை ஒரு காலத்தில். யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

மகனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது என் மனதில் முள்ளாக இருக்கிறது. என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்தன்று லாத்தா மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். லாத்தா வீட்டார் பூர்வீகம் நாகூர்ப் பக்கம். அவர் வீட்டுக்காரரை நாங்கள் நானா என்போம், அவர் என் கணவருக்கு உயிர் சிநேகிதர். நானா தவறியபோது லாத்தா வெளியே போகாமல் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் கடைத்தெரு சாமானெல்லாம் வாங்கிக் கொடுத்தது நான்தான். அன்றைக்கு லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, அந்த 75 கியாட் நோட்டு ஞாபகம் இருக்கா" என்றார்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்கள். மாற்றியும் கொடுக்கவில்லை. என் கணவர் எனக்குத் தெரியாமல் லட்சுமி படத்துக்குப் பின்னால் 75 கியாட் நோட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் காகிதமாகிவிட்டது. என்னிடம் சொல்லப் பயந்து நானாவிடம் போய் அழுதிருக்கிறார், லாத்தா அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டார். எங்கள் வீட்டு பால்கனியில் எல்லா வீட்டிலும் போல ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு மணி, ஒரு கிளிப். பேப்பர், டீ, காய்கறி எல்லாம் அதில்தான் மேலே வரும். மறுநாள் காலை மணி அடித்தது. இழுத்துப் பார்த்தால் கிளிப்பில் ஒரு 75 கியாட் நோட்டு. கீழேயிருந்து லாத்தா கத்துகிறார்: "தங்கச்சி, இது எங்க வீட்டுச் செல்லாத நோட்டு. உங்க வீட்டுச் செல்லாத நோட்டைக் கொடுத்தா சில்லறை மாத்தித் தர்றோம்!" நான், "எங்க வீட்டில் ஏது லாத்தா" என்று திரும்பிப் பார்க்கிறேன், என் கணவர் முகம் பேயறைந்த மாதிரி லட்சுமி படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படித்தான் எனக்கு விஷயம் தெரியும். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியக் காசில்லை, ஆனால் நாலு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

பதினாறாம் நாளன்று லாத்தா இதைச் சொன்னதும் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். என்னையறியாமல் வந்துவிட்டது. மகன் உள்ளேயிருந்து வந்து, இருபது பேர் முன்னால், "அப்பா போய்ப் பதினாறு நாள்கூட முடியல, கீழ் வீட்டுக்காரியோட உக்காந்து சிரிக்கிறியா" என்றான். என் நாத்தனார், "அவங்களோட அப்படி என்ன ஒட்டு" என்று வேறு முணுமுணுத்தார். லாத்தா எழுந்து போய்விட்டார். பெற்ற பிள்ளை இப்படிச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் எங்கள் கட்டடமும் ஆடியது. விளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடியது, நான் ஒண்டியாகக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகனிடமிருந்து போன் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. மண்டலே, சகாயிங் பக்கம்தான் பெரிய அழிவு. லாத்தாவின் தம்பியும் மண்டலேயில் ஜும்மா தொழுகையில் இருந்தபோது பள்ளிவாசல் இடிந்து விழுந்து இறந்துவிட்டார். நல்ல மனுஷர். இங்கே வரும்போதெல்லாம் ஊறவைத்த தேயிலை வாங்கிவந்து எங்கள் கயிற்றில் மாட்டி, தபால்காரர் மாதிரி "தந்தி! தந்தி!" என்று தெருவே கேட்கக் கத்துவார். எனக்குப் படி இறங்க முடியாததால் துக்கம் கேட்கப் போகவில்லை. அவர்கள் ஜமாத் ஆட்கள் நிறையப் பேர் வந்திருப்பார்கள், நாம் எதற்கு என்றும் விட்டுவிட்டேன். லாத்தா முகத்தைப் பார்த்ததும் அந்த "தந்தி" ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு பயம். இப்போது ஒரு வருஷமாகிவிட்டது, இனிமேல் போய் என்ன துக்கம் கேட்பது? அது கிடக்கட்டும்.

கயிறு நைந்துவிட்டதால் நிலநடுக்கத்தன்று மேலே சுருட்டி வைத்தேன், அதிலிருந்து டீக்கடைப் பையன் மாடி ஏறிவர அலுத்துக்கொள்கிறான். "ப்வாப்வா (பாட்டி), கயிறு எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நிலநடுக்கத்துக்கு முந்தின நாள்வரை லாத்தா வீட்டு நோன்புக் கஞ்சிகூட அந்தக் கயிற்றில்தான் வந்தது. இந்த வருஷ நோன்புக்குக் கஞ்சி வரவில்லை. வயதானவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் அம்மா. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கிறது. வங்கியில் போட்ட பணம் அப்படியேதான் இருக்கிறது, அதில் வாங்கும் அரிசி குறைந்துகொண்டே போகிறது.

நான் சிங்கப்பூருக்குப் போய் மகனோடு இருந்துவிடட்டுமா? அவன் கூப்பிடவில்லை, நானாகக் கேட்கலாமா? கோயில் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா? முன்பெல்லாம் நான் எதற்கெடுத்தாலும் சிரிப்பேன் என்று சொல்வார்கள். இப்போது சிரிப்பே வருவதில்லை. இது ஏதாவது வியாதியா?

இப்படிக்கு,
ரங்கூன் வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகன் மீது எனக்கும் கோபம் வந்தது. இரண்டாவது முறை படித்தபோது "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றுவிட்டேன். மகனைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள், மருமகள் தலையாட்டியதுகூட விடுபடவில்லை. நாற்பத்தைந்து வருஷச் சிநேகிதியின் தம்பி தொழுகையில் இருந்தபடி இறந்துபோனதற்கும், நீங்கள் போகாமல் இருந்ததற்கும் ஒரு பத்தி. அதையும் அவசரமாக மூடிவிட்டீர்கள். மனதை அதிகம் அறுப்பதை நாம் எப்போதுமே வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவோம்.

அதனால் சிங்கப்பூருக்கும் கோயில் கமிட்டிக்கும் நான் இப்போது பதில் சொல்லப் போவதில்லை. லாத்தாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சில இடங்களில் உங்களுக்குக் கசக்கும். உங்கள் மகள் வயதுள்ள ஒருத்தி சொல்கிறாள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி இறங்க முடியாததால் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிலநடுக்கம் வந்தபோது ஆபரேஷன் முடிந்து எட்டு ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கும். அன்றைக்கு இறங்கியிருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தைப்பூசத்துக்குச் சுவரைப் பிடித்து இறங்கிக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். மூன்றாம் மாடியிலிருந்து தெருவுக்குப் போகிற வழியில்தான் அம்மா முதல் மாடி இருக்கிறது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, லாத்தாவின் வாசலைத் தாண்டியிருக்கிறீர்கள். வலியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று போயிருப்பீர்கள், அந்த வாசலிலும் நின்று மூச்சு வாங்கியிருப்பீர்கள். கதவுக்கு உள்ளே லாத்தா இருந்திருப்பார். பிளாஸ்டிக் நாற்காலி உங்களை அவ்வளவு நோகடித்ததற்கு அந்த வாசலும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தட்டாமல் வந்த கதவின் குற்ற உணர்ச்சியோடு போய் உட்கார்ந்த இடம் அது.

அடுத்தது, கயிறு. நைந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன், எங்கள் வீட்டு பால்கனியிலும் கயிறு தொங்குகிறது. நைந்தால் அன்றைக்கே புதுசு மாற்றிவிடுவோம், கடைத்தெருவில் கிடைக்காத சாமான் இல்லை. உங்கள் கயிறு ஒரு வருஷமாக மாற்றப்படாமல் இருக்கிறது, அதுவும் சுருட்டியது சரியாக நிலநடுக்கத்தன்று. முந்தின சாயங்காலம்வரை நோன்புக் கஞ்சி அதில் ஏறி வந்திருக்கிறது, கஞ்சியைத் தாங்கிய கயிறு மறுநாள் எப்படி நைந்தது? மணி அடித்துவிடுமோ என்று நீங்கள் பயந்திருக்கிறீர்கள். மணி அடித்தால் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்தால் லாத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் மணியையே மேலே தூக்கிவிட்டீர்கள். இந்த நோன்புக்குக் கஞ்சி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படி வரும் அம்மா? முட்டிவலிக்காரர் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற வேண்டுமா? ஏறினாலும், மேலே சுருட்டப்பட்ட கயிறு அவருக்கு ஏற்கெனவே ஒரு பதிலைச் சொல்லிவிட்டதே. எல்லோரும் உங்களை மறந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். அவர் பால்கனியில் நின்று மேலே பார்த்து, இவள் என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருப்பார்.

இதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. "அவர்கள் ஜமாத் ஆட்கள் நிறையப் பேர் வந்திருப்பார்கள், நாம் எதற்கு." கடிதம் முழுக்க அவரை லாத்தா என்கிறீர்கள். இத்தா எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியும், அவர் வீட்டுக்காரரை நானா என்று கூப்பிட்டவர் நீங்கள். இந்த ஒரு வரியில் மட்டும் "அவர்கள்" வருகிறது, "நாம்" வருகிறது. இது உங்கள் சொல் இல்லை. உங்கள் நாத்தனார் முணுமுணுத்த சொல். அவர் "அவங்களோட அப்படி என்ன ஒட்டு" என்றார், அதைக் கேட்டு நீங்கள் புண்பட்டீர்கள். ஆனால் லாத்தாவின் வீட்டில் சாவு விழுந்த நாளில் அதே சொல்லை எடுத்து உங்களுக்குச் சாக்காக வைத்துக்கொண்டீர்கள். மதத்தின் பேரால் மனிதர்களைப் பிரிக்கிற பேச்சு இந்த நாட்டில் எவ்வளவு ரத்தம் சிந்த வைத்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட காலங்களிலும் உங்கள் மணி அடிப்பது நின்றதில்லை. நீங்களாக நிறுத்திய பிறகுதான் நின்றது. இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு நாம் பெருமையாகக் காட்டுவோமே, சூலே பகோடாவும் பெரிய பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே சந்திப்பில் நிற்பதை. அது கட்டடம், அது பாட்டுக்கு நிற்கும். உங்கள் படிக்கட்டில் நாற்பது வருஷமாக நடந்ததை ஆள்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். லாத்தாவைப் பார்த்ததும் "தந்தி" ஞாபகம் வந்து சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. துக்க வீட்டில் சிரிக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரியா என்று உங்களையே நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். அந்தச் சந்தேகத்தை விதைத்தது உங்கள் மகன் அன்றைக்குச் சொன்ன வார்த்தை. அவன் சொன்னது தவறு, அதுவும் இருபது பேர் முன்னால். ஆனால் அவனையும் கொஞ்சம் பாருங்கள். அப்பாவை இழந்து பதினாறு நாள். அவனுக்குத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான். மனைவிக்குத் தெரியாமல் லட்சுமி படத்துக்குப் பின்னால் காசு ஒளித்து, மாட்டிக்கொண்டு முழித்த அந்த இளைஞனை அவன் பார்த்ததே இல்லை. நீங்கள் சிரித்தது யாரோடு என்று அவனுக்குத் தெரியவில்லை. செத்துப்போனவரோடு சேர்ந்துதான் சிரித்தீர்கள், லாத்தா அவரை ஒரு நிமிஷம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். துக்கம் கேட்பதில் அதற்கு மேலான முறை எனக்குத் தெரியாது.

இது நான் மட்டும் சொல்வதில்லை. 1997இல் டேக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், துணையை இழந்து ஆறு மாதமான ஆண்களையும் பெண்களையும் உட்காரவைத்து, போனவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேச்சுக்கு நடுவே வாய் மட்டும் இல்லாமல் கண்ணும் சேர்ந்து உண்மையாகச் சிரித்தவர்களுக்கு மன உளைச்சல் குறைவாகவும், சுற்றியிருப்பவர்களோடு உறவு நன்றாகவும் இருந்ததைக் கண்டார்கள். உங்கள் பதினாறாம் நாள் சிரிப்பு அந்த ரகம்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, 1987ஐப் பற்றி. காசெல்லாம் காகிதமான அன்றைக்கு அப்படிச் சிரித்த நாலு பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிச்சம் நீங்களும் லாத்தாவும்தான். உங்கள் கணவரின் அசட்டுத்தனத்துக்கு இந்த உலகத்தில் இனி இரண்டே சாட்சிகள், அதில் ஒருவரோடு நீங்கள் ஒரு வருஷமாகப் பேசவில்லை. சிரிப்பு ஏன் வருவதில்லை என்று கேட்டீர்கள். உங்கள் சிரிப்பில் பாதி முதல் மாடியில் இருக்கிறது.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். கூச்சப்பட வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் போட எழுந்திருப்பவருக்குத் தூக்கம் கெடுவது வேறு, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் கழித்துப் போய் என்ன துக்கம் கேட்பது என்கிறீர்கள். லாத்தாவின் மார்க்கத்தில் உடன்பிறந்தவருக்காகத் துக்கம் காக்க மூன்று நாள்தான் என்று வரையறை உண்டு, கணவனுக்குத்தான் நாலு மாதம் பத்து நாள். ஆனால் அது துக்கம் காப்பவருக்கான கணக்கு. சிநேகிதி வந்து உட்காருவதற்கு யாரும் நாள் குறிக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், வந்தவர்கள் எல்லோரும் போய் ஒரு வருஷமான பிறகு இறந்தவர் பேரைச் சொல்ல ஆளிருக்காது. நாமாகப் பேச்செடுத்தால் எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் என்று வாயை மூடிக்கொள்வோம். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் சொல்வது இதைத்தான்: அந்தப் பேரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது. நீங்கள் தாமதமாகத்தான் போகிறீர்கள், அது உண்மை. ஆனால் ஆள் தேவைப்படுகிற நேரத்தில்தான் போகிறீர்கள்.

போகும்போது சிரிப்பு வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போகாதீர்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்றும் போகாதீர்கள். நாற்பது வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சிரிக்க வைத்தே பழகியவர்கள். அவருக்கு இவ்வளவு பெரிய இடி விழுந்தபோது கையில் கொண்டுபோக ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். கொண்டுபோக ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பி கீழே நின்று கத்தியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று பால்கனியிலிருந்து பார்த்தவர் நீங்கள். வீட்டுக்குள்ளிருந்த லாத்தாவுக்குக் குரல்தான் கேட்டிருக்கும். தெருவில் நின்று, கையை வாயில் குவித்து, கழுத்தை அண்ணாந்து "தந்தி" என்று கத்திய அந்த மனிதரை மேலேயிருந்து பார்த்த கண் உங்களுடையது மட்டும்தான். அதை அவரிடம் சொல்லுங்கள். அவர் அழலாம், சிரிக்கலாம், இரண்டும் சேர்ந்து வரலாம். எது வந்தாலும் கூட இருங்கள். முதலில் கோபம்கூட வரலாம், ஒரு வருஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கலாம். கேட்டால் படிக்கட்டைச் சொல்லாதீர்கள், கயிற்றைச் சொல்லாதீர்கள். "பயந்துட்டேன் லாத்தா" என்று மட்டும் சொல்லுங்கள். அதுதான் நிஜம்.

கோயிலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. 22 வருஷம் கட்டிய மாலையைக் கடிதம் எழுதி வாங்க வேண்டாம். உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, இடுப்புதான் முறிந்தது. பூவை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், உட்கார்ந்த இடத்தில் கட்டிக் கொடுங்கள். பூவும் மாலையும் ஏறி இறங்கவும் வழி வேண்டுமே. மகனுக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் "மருந்து சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதும், அந்த 75 கியாட் நோட்டுக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். பதினாறாம் நாளன்று அவன் பாதியில் நிறுத்திய கதை அது. நாலு நிமிஷத்தில் முடியாது, பார்க்கலாம் அவன் வைக்கிறானா என்று. சிங்கப்பூரைப் பற்றி அதற்கப்புறம் எனக்கு எழுதுங்கள்.

முதலில் டீக்கடைப் பையனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் புதுக் கயிறு வாங்கிவரச் சொல்லுங்கள். அவன்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறான் பாவம். பழைய மணியையே கட்டுங்கள், லாத்தாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தெருவரைக்கும் நீளம் வேண்டாம். இப்போதைக்கு முதல் மாடி பால்கனிக்கு எட்டினால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்